எந்த விரல் என்று முதலில் பாருங்கள்

பிரசவ வார்டில் குழந்தையைத் துடைத்துத் துணியில் சுற்றி வெளியே கொண்டுவரும் நர்ஸ், "கையில ஒரு விரல் கூட இருக்கு" என்று சொன்ன மாத்திரத்தில் குடும்பம் இரண்டாகப் பிரிந்துவிடும். "ஆறு விரல் அதிர்ஷ்டம், அதுல கை வைக்காதீங்க" என்பார் அப்பத்தா. "பேர் வைக்கிறதுக்குள்ள எடுத்துரணும், பார்க்க வர்றவங்களுக்கு என்ன பதில் சொல்றது" என்பார் சித்தி. குழந்தையின் அப்பா கைப்பேசியில் தேட ஆரம்பித்திருப்பார். தையல் வலியோடு படுத்திருக்கும் தாய், எந்தக் கிரகணத்தன்று வெளியே போனோம் என்று மனசுக்குள் நாள் எண்ணிக்கொண்டிருப்பாள்.

இவர்களில் யாரும் அந்த விரலை இன்னும் சரியாகப் பார்க்கவில்லை. அது சுண்டுவிரல் பக்கம் இருக்கிறதா, கட்டைவிரல் பக்கமா? உள்ளே எலும்பு தட்டுப்படுகிறதா, வெறும் தோலில் தொங்குகிறதா? தானாக அசைகிறதா? குழந்தைக்கு வேறு ஏதும் குறை உண்டா? எடுக்கலாமா, விட்டுவிடலாமா என்ற கேள்விக்கு எல்லோருக்கும் பொருந்தும் விடை கிடையாது. ஆனால் இந்த நாலு விவரமும் தெரிந்துவிட்டால் பெரும்பாலான வீடுகளில் விவாதத்துக்கே இடமிருக்காது. சில விரல்களுக்கு ஒன்றரை வயதுக்குள் ஆபரேஷன் செய்வது நல்லது. சிலவற்றை ஆயுசுக்கும் அப்படியே விட்டுவைக்கலாம். எந்த வகையானாலும் முதல் வாரத்தில், வீட்டில் வைத்து, யாரும் எதுவும் செய்யக் கூடாது. இதை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்வது அவசியம் என்று நினைக்கிறேன். ஏனென்றால் இந்த முடிவு பெரும்பாலும் பயத்திலோ வெட்கத்திலோ எடுக்கப்படுகிறது. அதன் பலனை அனுபவிப்பது பேசத் தெரியாத குழந்தை.

கூடுதல் விரல் அபூர்வமான விஷயமல்ல. பிறக்கும் குழந்தைகளில் சுமார் ஆயிரத்துக்கு ஒன்று இரண்டு பேருக்கு இருக்கிறது. கையில் பிறவியிலேயே வரும் மாறுதல்களில் மிகச் சாதாரணமாகக் காணப்படுபவற்றில் இது ஒன்று. ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் சுண்டுவிரல் பக்கம் கூடுதலாக வருவது மிக அதிகம். ஆசிய மக்களிடம் கட்டைவிரல் இரண்டாகப் பிரிந்து வருவது அதிகம். நடு விரல்களுக்கு இடையே முளைப்பது குறைவு. அப்படி வந்தால் பக்கத்து விரலோடு ஒட்டிக்கொண்டும் இருக்கும். அது தனி வகை. அதற்கு இந்தக் கட்டுரையில் உள்ள எதையும் அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

தாயின் மனசில் ஓடும் கிரகணக் கணக்கை முதலில் தீர்த்துவிடலாம். கரு உருவான நாலாவது வாரத்தில் கைகால்கள் சிறு மொட்டுகளாகத் தலைகாட்டுகின்றன. எட்டாவது வாரம் முடிவதற்குள் விரல்கள் பிரிந்துவிடுகின்றன. நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று சந்தேகப்பட்டு டாக்டரிடம் போகும் சமயத்தில் அந்த வேலை பாதி நடந்து முடிந்திருக்கும். கை மொட்டின் சுண்டுவிரல் ஓரத்தில் உள்ள செல்கள் ஒரு புரதத்தைச் சுரக்கின்றன. சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்பது அதன் பெயர். ஒரு வீடியோ விளையாட்டில் வரும் முள்ளெலியின் பெயரைத்தான் விஞ்ஞானிகள் அதற்கு வைத்தார்கள். எத்தனை விரல், எந்த இடத்தில் எந்த விரல் என்பதை இந்தப் புரதத்தின் அளவு தீர்மானிக்கிறது. இதைச் சுரக்கச் சொல்லும் மரபணு விசை, புரதத்துக்கான மரபணுவிலிருந்து சுமார் பத்து லட்சம் எழுத்துகள் தள்ளி, வேறொரு மரபணுவின் நடுவே இருக்கிறது. அந்த விசையில் ஒரே ஒரு எழுத்து மாறினால் போதும், புரதம் கட்டைவிரல் ஓரத்திலும் சுரந்து கூடுதல் விரலை உண்டாக்கிவிடும். அமெரிக்காவின் கீ வெஸ்ட் தீவில் எழுத்தாளர் ஹெமிங்வேயின் வீட்டில் வாழும் ஆறு விரல் பூனைகளுக்கும் இதே விசையில்தான் மாற்றம். கிரகணத்தன்று காய் நறுக்கியதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. மசக்கையில் எதைச் சாப்பிட்டாள், எதைச் சாப்பிடவில்லை என்று மாமியார் வீடு கணக்குக் கேட்பதிலும் நியாயமில்லை.

குடும்பத்தில் வருவது என்னவோ உண்மை. வேறு குறை எதுவும் இல்லாமல் விரல் மட்டும் கூடுதலாக வரும் வகையில், பெற்றோரில் ஒருவரிடமிருந்து பிள்ளைக்கு வர இரண்டில் ஒரு வாய்ப்பு இருக்கும். ஆனால் அந்த மரபணு இருந்தும் விரல் வெளிப்படாமல் ஒரு தலைமுறை தாண்டிப்போவதும் உண்டு. "எங்க பக்கத்துல யாருக்கும் இல்ல" என்று இரு வீட்டாரும் சத்தியம் செய்வார்கள். அப்பாவின் சுண்டுவிரல் ஓரத்தைத் தடவிப் பார்த்தால் மிளகளவு ஒரு மேடு தட்டுப்படலாம். சின்ன வயதில் பாட்டி நூல் கட்டி எடுத்ததன் மிச்சம் அது.

அந்த நூலைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும்.

சுண்டுவிரல் ஓரத்தில் சிறு பயறுபோல், மெல்லிய தோல் காம்பில் தொங்கும் விரல்தான் வீட்டு வைத்தியத்துக்கு முதலில் பலியாவது. மருவுக்குக் குதிரை முடி கட்டிய பழக்கத்தில் இதற்கும் முடியோ நூலோ கட்டுகிறார்கள். இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று, விரல் கறுத்து, சில நாளில் விழுந்துவிடும் என்பது கணக்கு. பல சமயம் விழுந்தும் விடுகிறது. இந்த முறையை வீட்டு மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. உலகெங்கும் ஆஸ்பத்திரிகளிலேயே பிறந்த குழந்தைக்கு இப்படித் தையல் நூலால் கட்டி அனுப்புவது நீண்ட காலமாக நடந்து வந்திருக்கிறது. மேற்கிந்தியத் தீவுகளின் மாபெரும் கிரிக்கெட் வீரர் கார்ஃபீல்ட் சோபர்ஸ் 1936இல் பார்படாஸில் பிறந்தபோது இரண்டு கையிலும் ஒவ்வொரு விரல் கூடுதல். பையனாக இருக்கும்போது தானே அவற்றை நீக்கிக்கொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். அதன் பிறகு அந்தக் கைகள் செய்தவை கிரிக்கெட் சரித்திரத்தில் இருக்கின்றன.

அப்படியானால் நூல் கட்டினால் என்ன? சின்னதாகத் தோன்றும் அந்தக் காம்புக்குள் ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுகின்றன. நூலைக் காம்பின் அடிமட்டத்தில், தோலோடு தோலாக யாராலும் கட்ட முடியாது. கொஞ்சம் மேலேதான் கட்ட வரும். விரல் விழுந்த பிறகு மிச்சக் காம்பு மேடாக நின்றுவிடும். அதற்குள் துண்டுபட்ட நரம்பின் முனை சுருண்டு முடிச்சாக வளர்ந்தால், மேசை ஓரத்தில் லேசாக இடித்தாலே மின்சாரம் பாய்ந்ததுபோல் வலிக்கும். பேனா பிடித்து எழுதும்போது தாளில் உரசும் பக்கம் அதுதான். பெரியவர்களான பிறகு அந்த மேட்டை எடுக்க ஆபரேஷனுக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். நூல் சரியாக இறுகாவிட்டால் ரத்தம் உள்ளே போகும், வெளியே வராது. விரல் வீங்கி, நீலம் பாரித்து, சீழ் பிடிக்கும். பத்து நாள் குழந்தைக்குச் சீழ் என்பது உயிரோடு விளையாடும் விஷயம். இதற்கெல்லாம் மேல், எலும்பில்லை என்று வெளியிலிருந்து பார்த்து முடிவு செய்தது தவறாகப் போகலாம். எலும்பு உள்ள விரலில் நூல் கட்டினால் வேதனை மட்டுமே மிஞ்சும்.

குழந்தைக்கு வலிக்காதா என்று கேட்டால், "பச்சப் புள்ளைக்கு என்ன தெரியும்" என்பார்கள். தெரியும். நரம்பு இருக்கிற இடத்தில் வலி இருக்கும்.

இந்த வகை விரலை முறையாக எடுப்பது பெரிய வேலையல்ல. மரத்துப்போக ஊசி போட்டு, தோலைக் கண் வடிவில் வெட்டி, நரம்பைக் கண்டுபிடித்துச் சற்று இழுத்து உயரத்தில் நறுக்கிவிட்டால் அதன் முனை தசைக்குள் பின்வாங்கிவிடும். பிறகு இடித்தாலும் வலிக்காது. தானாகக் கரையும் தையல் இரண்டு போட்டால் முடிந்தது. பிறந்த சில வாரங்களிலேயே இப்படிச் செய்யும் டாக்டர்களும் உண்டு, ஆறு மாதம் பொறுத்து முழு மயக்கத்தில் செய்கிறவர்களும் உண்டு. இரண்டும் சரிதான். இந்த விரலால் எந்த உபயோகமும் கிடையாது, சட்டையின் கையில் மாட்டிக் கிழிபட வாய்ப்பு உண்டு, எடுத்தால் எந்த நஷ்டமும் இல்லை. ஆகவே இதில் தயங்க வேண்டிய அவசியம் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

கட்டைவிரல் கதை வேறு. பெற்றோர் அதிகம் ஏமாறுவதும் இங்கேதான்.

ஒரு கையில் இரண்டு கட்டைவிரல் இருந்தால், ஒன்று நிஜம், இன்னொன்று உபரி என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உபரியை நறுக்கிவிட்டால் நிஜம் மிஞ்சும் என்பது நம் கணக்கு. உள்ளே அப்படி இல்லை. ஒருவருக்கு வர வேண்டிய சொத்தை அண்ணன் தம்பி இருவர் பாகம் பிரித்துக்கொண்ட மாதிரிதான் அந்த இரண்டு விரலும் இருக்கும். எலும்பில் பாதி இதற்கு, பாதி அதற்கு. விரலை மடக்கும் நாண் இரண்டாகக் கிளைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு ஓரமாகப் போய் ஒட்டியிருக்கும். கட்டைவிரலை உள்ளங்கையிலிருந்து விலக்கி எடுத்துவரும் தசை, பெரும்பாலும் வெளிப்பக்கத்து விரலின் அடியில் பிடித்திருக்கும். மூட்டை ஆடாமல் தாங்கும் இரண்டு பக்கத்துப் பந்தகங்களில் உள்பக்கத்தது உள்விரலிடமும் வெளிப்பக்கத்தது வெளிவிரலிடமும் இருக்கும். நகம்கூட இரண்டிலும் அகலம் குறைவாகவே இருக்கும்.

எலும்பு எந்த மட்டத்தில் பிரிகிறது என்பதை வைத்து 1969இல் வாசல் என்ற அமெரிக்க டாக்டர் ஏழு வகையாகப் பிரித்தார். உலகம் முழுக்க இன்றும் டாக்டர்கள் அந்த எண்ணைச் சொல்லித்தான் பேசிக்கொள்கிறார்கள். கட்டைவிரலின் அடி மூட்டில், ஒரே உள்ளங்கை எலும்பின் தலைமேல் இரண்டு விரல் உட்கார்ந்திருக்கும் நாலாம் வகைதான் அதிகம் வருவது.

இதற்கான ஆபரேஷன் என்பது பாகம் பிரிந்ததைத் திரும்பச் சேர்ப்பது. சுட்டுவிரலும் கட்டைவிரலும் சேர்ந்து எதையாவது கிள்ளும்போது கட்டைவிரலின் உள்பக்கத்துப் பந்தகம்தான் அந்த அழுத்தத்தைத் தாங்குகிறது. அது உள்விரலிடம் இருப்பதாலும், வெளிவிரல் பெரும்பாலும் சின்னதாக இருப்பதாலும், வழக்கமாக உள்விரலை வைத்துக்கொண்டு வெளிவிரலை எடுக்கிறார்கள். ஆனால் எடுக்கும் முன் அதில் ஒட்டியிருக்கும் தசையையும் வெளிப்பக்கத்துப் பந்தகத்தையும் எலும்புத் தோலோடு உரித்து எடுத்து, நிற்கப்போகும் விரலில் தைக்க வேண்டும். இரண்டு விரல் உட்கார அகன்றிருந்த எலும்புத் தலையைச் செதுக்கிக் குறுக்க வேண்டும். ஓரமாக ஒட்டிய நாணை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். எலும்பு கோணலாக இருந்தால் வெட்டி நேராக்க வேண்டும். பிறகு மெல்லிய கம்பி செருகி, முழங்கைக்கு மேல்வரை மாவுக்கட்டு. நாலிலிருந்து ஆறு வாரம்.

இதையெல்லாம் செய்யாமல் வெளிவிரலை மட்டும் நறுக்கிவிட்டால் அன்றைக்குக் கை அழகாகத்தான் தெரியும். குழந்தை வளர வளர, நின்ற விரல் ஒரு மூட்டில் ஒரு பக்கமும் அடுத்த மூட்டில் மறுபக்கமும் சாய்ந்து கோணிக்கொள்ளும். தாங்கும் பந்தகம் இல்லாத மூட்டு ஆடும். பென்சில் பிடிக்க, சட்டைப் பித்தான் போட, சாதம் பிசைய, எல்லாவற்றுக்கும் வேண்டிய விரல் அது. கையின் வேலையில் ஏறக்குறைய பாதி கட்டைவிரலை நம்பியிருக்கிறது. அதனால் இதைக் கை அறுவை சிகிச்சையில் பழகியவரிடம் மட்டுமே ஒப்படைக்க வேண்டும். "சின்ன விஷயம், பத்து நிமிஷத்துல வெட்டி எடுத்துரலாம்" என்று யாராவது சொன்னால், எழுந்து வந்துவிடுவது நல்லது.

நன்றாகச் செய்த ஆபரேஷனுக்குப் பிறகும் அந்தக் கட்டைவிரல் மறு கையில் உள்ளதைவிட மெலிந்திருக்கும், நகம் சற்றுக் குறுகியிருக்கும், மூட்டு கொஞ்சம் இறுகலாம். சிலருக்கு வளர்ந்த பிறகு இன்னொரு முறை திருத்த வேண்டிவரும். இதை முன்கூட்டியே சொல்லும் டாக்டரைக் கண்டு பயப்பட வேண்டாம். அவர் உண்மையைச் சொல்கிறார். இரண்டு விரலும் ஒரே அளவில், ஒல்லியாக இருந்தால் இரண்டின் பாதியையும் இணைத்து ஒன்றாக்கும் முறை ஒன்று 19ஆம் நூற்றாண்டிலிருந்தே இருக்கிறது. அகலம் கிடைக்கும், ஆனால் நகத்தின் நடுவே ஒரு பள்ளமோ வரப்போ தங்கிவிடும், மூட்டும் விறைக்கும். அதனால் இப்போது பொறுக்கி எடுத்துத்தான் அதைச் செய்கிறார்கள்.

எப்போது செய்வது? ஆறு மாதத்துக்கு முன் முழு மயக்கம் கொடுப்பதில் ஆபத்து கொஞ்சம் அதிகம், நாணும் நரம்பும் கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது. மூட்டுகளின் முனை குருத்தெலும்பாக இருப்பதால் எக்ஸ்ரேயிலும் முழுதாகத் தெரியாது. ஒன்பது, பத்து மாதத்தில் குழந்தை தரையில் கிடக்கும் பொரியைக் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் பொறுக்கப் பழகுகிறது. அந்தப் பழக்கம் கோணலான விரலோடு ஊறிப்போவதற்குள் செய்வது நல்லது. இந்த இரண்டு காரணத்துக்கும் நடுவே, ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயதுவரை ஒரு வசதியான காலம் இருக்கிறது. கட்டைவிரலை அதிர்ஷ்டம் என்று சொல்லிப் பள்ளிக்கூட வயதுவரை தள்ளிப்போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அப்பத்தாவின் அன்பை மதிக்கிறேன். ஆனால் அந்த விரல் வளைந்து வளர்ந்தால் அதைச் சுமக்கப் போவது பேரப்பிள்ளை. தாமதமாகிப் போனவர்கள் கைவிட வேண்டியதில்லை, பெரிய வயதிலும் செய்யலாம். வேலை கடினமாகும், பலன் சற்றுக் குறையும்.

மயக்க மருந்து பற்றிய பயம் இயல்பானது. குழந்தையின் மூளை வளர்ச்சியை அது பாதிக்குமோ என்ற கேள்வியை மருத்துவ உலகமும் எழுப்பியிருக்கிறது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016இல் ஓர் எச்சரிக்கை விடுத்தது. மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் நீளும் மயக்கமும், திரும்பத் திரும்பக் கொடுக்கும் மயக்கமும்தான் அதில் கவலையாகச் சொல்லப்பட்டவை. ஏழு நாடுகளில் கைக்குழந்தைகளை ஐந்து வயதுவரை பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2019இல் லான்செட் இதழில் வந்தது. ஒரு மணி நேரத்துக்கு உட்பட்ட ஒரே ஒரு மயக்கத்தால் அறிவு வளர்ச்சியில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை என்பது அதன் முடிவு. கையிலும் காலிலும் கூடுதல் விரல் இருக்கும் குழந்தைக்கு இதில் ஒரு பாடம் உண்டு. முடிந்தால் எல்லாவற்றையும் ஒரே மயக்கத்தில் முடித்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள்.

ஆனால் ஆபரேஷன் தேதி குறிக்கும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. எல்லோரும் விரலையே பார்த்துக்கொண்டிருப்பதால் குழந்தையின் மற்ற பாகங்களைப் பார்க்க மறந்துவிடுகிறோம். பெரும்பாலான குழந்தைகளுக்கு விரல் மட்டும்தான் கூடுதல், வேறு ஒன்றும் இல்லை. சிலருக்கு மட்டும் அது உள்ளே இருக்கும் வேறொன்றின் முதல் அடையாளம். எல்லிஸ்–வான் கிரெவெல்ட் என்ற நோயில் சுண்டுவிரல் பக்கம் ஆறாவது விரல், குட்டையான கைகால், சின்ன நகங்கள் இருக்கும். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இதயத்தில் ஓட்டையும் இருக்கும். பார்டே–பீடில் என்ற நோயில் பிறக்கும்போது கூடுதல் விரலைத் தவிர எதுவும் தெரியாமல் போகலாம். பிறகு உடம்பு அளவுக்கு மீறிப் பெருக்கும், பள்ளி வயதில் இருட்டில் கண் தெரியாமல் தடுமாறும், சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். கட்டைவிரலில் இரண்டு எலும்புக்குப் பதில் மூன்று இருந்தால் இதயத்தையும் ரத்தத்தையும் சோதிப்பது வழக்கம்.

இவற்றில் முதல் இரண்டும் அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் ஒவ்வொரு பழுதான பிரதி வந்தால் மட்டுமே வெளிப்படும் வகை. மாமன் மகளை, அக்காள் மகளைக் கட்டும் வழக்கம் இன்னும் உள்ள நம் ஊரில் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒரே தாத்தா பாட்டியிடமிருந்து வந்த இருவர் ஒரே பழுதைச் சுமந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்படி இருந்தால் அடுத்தடுத்த ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு வாய்ப்பு அந்த நோய்க்கு இருக்கும். ஆகவே சொந்தத்தில் கல்யாணம் என்றால் டாக்டர் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள். குழந்தைகள் டாக்டர் ஒரு முறை தலை முதல் கால்வரை முழுதாகப் பார்த்து, சந்தேகம் இருந்தால் எக்கோவும் வயிற்று ஸ்கேனும் எடுக்கச் சொல்வார். இதயக் கோளாறு இருக்கும் குழந்தைக்கு அதைத் தெரியாமல் விரலுக்காக மயக்கம் கொடுப்பதுதான் நிஜமான ஆபத்து.

இனி கால். கால் விரலுக்குக் கேள்வி ஒன்றே ஒன்றுதான், செருப்பும் ஷூவும் சேருமா? சுண்டுவிரல் பக்கத்தில் ஒழுங்காக வரிசையில் நிற்கும் ஆறாவது விரல் பலருக்கு ஒரு தொந்தரவும் தருவதில்லை. வெளியே துருத்திக்கொண்டு நின்றால் ஷூவில் உரசும், காய்ப்பு விழும், வலிக்கும். மேற்கு வங்கத்தின் ஜல்பாய்குரியைச் சேர்ந்த ஸ்வப்னா பர்மன், ஒவ்வொரு பாதத்திலும் ஆறு விரலோடு ஓடி, தாண்டி, 2018இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஹெப்டத்லான் தங்கம் வென்றார். ஆசிய விளையாட்டு ஹெப்டத்லானில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. ஐந்து விரலுக்குச் செய்த ஷூவில் அவர் பட்ட வலியைப் பற்றி உலகத்துக்கே அப்போதுதான் தெரிந்தது. பதக்கத்துக்குப் பிறகே அவர் பாதத்துக்கு அளவெடுத்த ஷூ வந்தது. ஆறு விரல் ஓட்டத்தைத் தடுக்கவில்லை என்பது ஒரு பக்கம். எல்லாக் குழந்தைக்கும் அளவெடுத்த ஷூ கிடைக்காது என்பது மறுபக்கம். பெற்றோர் இரண்டையும் யோசிக்க வேண்டும். எடுப்பதென்றால் நடை பழகும் சமயத்துக்கு முன்னே பின்னே, ஒரு வயதுவாக்கில் எடுப்பது வழக்கம். கால் பெருவிரல் பக்கம் கூடுதலாக இருந்தால் கட்டைவிரலைப் போலவே உள்ளே சிக்கல் இருக்கும். அதை அனுபவமுள்ள டாக்டர்தான் செய்ய வேண்டும்.

மிஞ்சுவது ஒரே வகை. கையில், எலும்பும் மூட்டும் நகமும் சேர்ந்து, தானே மடங்கி நிமிரும் நல்ல ஆறாவது விரல். உண்மையில் கடினமான முடிவு இதுதான்.

2019இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க், லண்டன், சுவிட்சர்லாந்தின் லோசான் விஞ்ஞானிகள் சேர்ந்து ஒரு தாயையும் மகனையும் ஆராய்ந்தார்கள். இருவருக்கும் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே முழுமையான ஆறாவது விரல். அதற்கெனத் தனித் தசை, தனி நரம்பு, மூளையில் தனி இடம் எல்லாம் இருந்தன. மற்றவர்கள் இரண்டு கையால் செய்யும் சில வேலைகளை அவர்கள் ஒரு கையால் செய்தார்கள், ஷூவின் கயிற்றைக்கூட ஒற்றைக் கையால் கட்டினார்கள். இப்படிப்பட்ட கைகள் மிக அபூர்வம். கட்டைவிரல் இரண்டாகப் பிரிந்த கையை இதோடு ஒப்பிடக் கூடாது. ஆனாலும் நன்றாக வேலை செய்யும் விரலை, ஐந்துதான் இயல்பு என்ற ஒரே காரணத்துக்காக எடுப்பதற்கு முன் நாம் கொஞ்சம் நிற்க வேண்டும் என்பதற்கு இது போதுமான சாட்சி.

மறுபக்கம் இருக்கும் நியாயத்தையும் நான் ஒதுக்கவில்லை. வகுப்பில் கேலி செய்வார்கள். கையுறை போட முடியாது. பள்ளிக்கூடத்தில் படும் அவமானம் குழந்தைக்குச் சின்ன வலி கிடையாது. அதைத் தவிர்க்க நினைக்கும் பெற்றோரை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு விஷயம் என்னை உறுத்துகிறது. பையனுக்கு ஆறு விரல் என்றால் அதிர்ஷ்டம் என்று விட்டுவிடும் குடும்பங்கள், பெண்ணுக்கு என்றால் "நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் கேட்பாங்களே" என்று மூன்று மாதத்திலேயே கத்தியைத் தேடுகின்றன. இருபத்தைந்து வருஷம் கழித்து வரப்போகும் யாரோ ஒருவரின் கண்ணுக்காக, இன்று வலியில்லாமல் வேலை செய்யும் விரலை எடுக்க வேண்டியதில்லை. அது இடைஞ்சலாக இருக்கிறதா, வலிக்கிறதா, பக்கத்து விரலைத் தள்ளுகிறதா என்பதுதான் பையனுக்கும் பெண்ணுக்கும் பொதுவான கேள்வி. மூன்றுக்கும் இல்லை என்றால், குழந்தையே தன் விருப்பத்தைச் சொல்லும் வயதுவரை காத்திருப்பதில் மருத்துவ ரீதியாகத் தவறு ஒன்றும் இல்லை. அப்படிக் காத்திருக்க முடிவு செய்கிற பெற்றோரை "அலட்சியம்" என்று உறவினர்கள் ஏசினால் அது அநியாயம். வருஷத்துக்கு ஒரு முறை டாக்டரிடம் காட்டி, விரல் நேராக வளர்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

யாரிடம் போவது என்பதில் தமிழ்நாட்டுப் பெற்றோருக்கு ஓர் அதிர்ஷ்டம் உண்டு. வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளைச் சீராக்கத் தொடங்கிய காலத்திலிருந்தே கை அறுவை சிகிச்சைக்கு இந்த மண்ணில் ஒரு பாரம்பரியம் இருக்கிறது. சென்னை அரசு ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் ஆர். வெங்கடசாமி வளர்த்தெடுத்த கை அறுவை சிகிச்சைப் பிரிவில் படித்தவர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவில் புறநோயாளிச் சீட்டு வாங்கிக் காட்டலாம். டாக்டரிடம் கேட்க வேண்டியவை இவை. எந்த விரலை வைத்துக்கொள்கிறீர்கள், ஏன்? தசையையும் பந்தகத்தையும் மாற்றித் தைக்க வேண்டியிருக்குமா? இந்த மாதிரிக் கைகள் எத்தனை செய்திருக்கிறீர்கள்? எத்தனை வருஷம் திரும்ப வந்து காட்ட வேண்டும்? கடைசிக் கேள்வி மிக முக்கியம். வளரும் கை என்பதால், தையல் பிரித்ததோடு கணக்கு முடிவதில்லை. எலும்பு வளர்ச்சி நிற்கும்வரை அவ்வப்போது போய்க் காட்ட வேண்டும்.

இன்னொரு வேண்டுகோள். இப்போதெல்லாம் ஐந்தாம் மாத ஸ்கேனிலேயே கூடுதல் விரல் தெரிந்துவிடுகிறது. மற்ற எல்லாம் சரியாக இருந்து விரல் ஒன்று மட்டும் அதிகம் என்றால், அது கர்ப்பத்தைக் கலைக்கும் அளவுக்கான குறையே கிடையாது. இதை ஸ்கேன் அறையிலேயே யாராவது நிதானமாகச் சொல்லிவிட்டால் பல வீடுகளில் வீண் அழுகை மிச்சமாகும்.

ஆபரேஷன் செய்தாலும் செய்யாவிட்டாலும், பிறந்தபோது எடுத்த கைகால் போட்டோ, எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சீட்டு, எக்கோ முடிவு எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள். குடும்பத்தில் வேறு யாருக்கு எந்தக் கையில், எந்தக் காலில் இருந்தது, சொந்தத்தில் கல்யாணமா என்பதையும் ஒரு தாளில் எழுதி அதோடு சேருங்கள். ஆறு மாதத்தில் விரலை எடுத்துவிட்டால் குழந்தைக்கு அது நினைவே இருக்காது, தழும்பும் ரேகையோடு ரேகையாக மறைந்துவிடும். நாளை அந்தப் பிள்ளைக்கு ஒரு பிள்ளை உண்டாகி, ஸ்கேன் பார்க்கும் டாக்டர் "உங்க குடும்பத்துல யாருக்காவது இப்படி இருந்ததா?" என்று கேட்கும்போது பதில் சொல்ல அந்தக் கோப்பு வேண்டும்.